துடைத்த மேசையில் தூசி

சிசிடிவி என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்த மகராசன் யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனால் பெயர் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. சினிமாவில் இருபத்திரண்டு வருஷமாக அவள் பார்ப்பது கன்டினியூட்டி வேலை. படம் பார்க்கிறவர்களுக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. தெரியாமல் இருந்தால்தான் அவள் ஒழுங்காக வேலை செய்திருக்கிறாள் என்று அர்த்தம். கதையில் ஒரே நிமிஷத்தில் நடப்பதைப் பத்து நாள் இடைவெளி விட்டுக்கூட எடுப்பார்கள். முதல் நாள் சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தால் பத்தாம் நாளும் திறந்திருக்க வேண்டும். குவளையில் பாதித் தண்ணீர் இருந்திருந்தால் மறுபடி பாதிதான் இருக்க வேண்டும். இதையெல்லாம் நோட்டில் எழுதி, பக்கத்திலேயே படம் வரைந்து வைத்து, அடுத்த ஷாட்டுக்கு முன்னால் குறுக்கே போய் நின்று, "குடை இந்தப் பக்கம் இல்லங்க, அந்தப் பக்கம்" என்று சொல்லி எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வதற்குத்தான் சம்பளம்.

தொழில் புத்தி வீட்டுக்கு வராமல் இருக்குமா? பேருந்தில் நடத்துனரின் பேனா நேற்று வலது பையில் இருந்தது, இன்று இடது பையில் இருக்கிறதே என்று யோசிப்பாள். ஒரு காலத்தில் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு ஒருவர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். முதல் முறை சொன்ன வயதுக்கும் இரண்டாம் முறை சொன்ன வயதுக்கும் ஒரு வருஷம் இடித்தது. அதோடு அந்தக் கதை முடிந்தது. அவர் வாய் தவறிச் சொல்லியிருக்கலாம் என்று அக்கா எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். "வயசுல வாய் தவறுறவரு வேற எதுல தவறமாட்டாரு?" என்று கேட்டு அக்காவின் வாயை அடைத்துவிட்டாள்.

அக்கா என்றால் கூடப் பிறந்த அக்கா, பத்து வயது மூத்தவள். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஊரில் பாதிப் பேருடைய எண்களை மனப்பாடமாக வைத்திருந்தவள். அப்பேர்ப்பட்ட தலை ஐம்பத்தைந்து வயதில் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாக ஆரம்பித்தது. முதலில் எண்கள் போயின, பிறகு தெருக்கள், பிறகு காலையில் சாப்பிட்டதே போயிற்று. இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. இவள் வேலைக்குப் போனதும் கீழ்வீட்டுத் தையல்காரம்மா இரண்டு முறை ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவாள். எது மறந்தாலும் அக்காவுக்குத் தங்கையின் முகம் மட்டும் மறக்கவில்லை. மாலையில் கதவு திறந்ததும், "வந்துட்டியா? உன்னைத்தான் எதிர்பாத்துக்கிட்டிருக்கேன்" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே சிசிடிவி வெளியூர்ப் படங்களையெல்லாம் வேண்டாமென்று தள்ளினாள்.

அவளுக்கு இப்போது நாற்பத்தெட்டு. அக்காவின் மூக்கு அவளுக்கு, அக்காவின் நரைகூட அதே வகிட்டில்தான் விழுந்தது. அந்த மறதி மட்டும் வழி தெரியாமல் வேறு வீட்டுக்குப் போய்விடுமா என்ன? இந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கும் அது வந்துவிட்டால் அக்காவுக்கு யார் இருக்கிறார்கள்?

அந்தச் சமயத்தில்தான் பேய்ப்படம் வந்தது.

நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு விசித்திரக் கதையை எடுத்துப் படமாக்கினார்கள். வாடகை அறையில் தனியாக இருக்கும் ஒரு பெண். அவள் வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் அறையில் ஏதோ ஒரு பொருள் இடம் மாறியிருக்கும். யார் மாற்றுகிறார்கள் என்று கடைசிவரை கதை சொல்லாது. தன்னையே நம்ப முடியாமல் போய், ஒருநாள் அவள் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காணாமல் போய்விடுவாள். அவ்வளவுதான் கதை. "நம்ம படத்துல பேயே கிடையாது, மேடம். சந்தேகம்தான் பேய்" என்றார் டைரக்டர். சன்னமான குரல், வெள்ளைச் சட்டை, யாரையும் அதட்டாத மனிதர். அதட்டாத மனிதரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அவளுடைய கட்சி. ஆனாலும் அவர் அடுத்துச் சொன்னதில் கொஞ்சம் மயங்கிவிட்டாள்.

"செட்டுக்குள்ள ஃபோன் கிடையாது, ஸ்டில் கேமரா கிடையாது. ஒரு படம்கூட வெளிய போகக்கூடாது. மானிட்டரும் என் கூடாரத்துக்குள்ளதான் இருக்கும். உங்க நோட்டை நம்பித்தான் இந்தப் படத்தை எடுக்கிறேன்."

இந்தக் காலத்தில் எல்லாரும் ஃபோனில் நாலு படம் எடுத்துவைத்துக்கொண்டு, நோட்டு எதற்கு என்று அவளைக் கேலி செய்கிற நேரம். ஒருவர் வந்து நோட்டை நம்புகிறேன் என்றால் உச்சி குளிராதா? குளிர்ந்தது.

பழைய கிடங்கு ஒன்றுக்குள் அறையைக் கட்டியிருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, அலமாரி, கண்ணாடி, ஜன்னல். அறையில் இருந்த சாமான்கள் மொத்தம் அறுபத்து நான்கு. திரைக்கதைப்படி இடம் மாற வேண்டியவை பதினொன்று. எந்தக் காட்சியில் எது, எங்கிருந்து எங்கே என்று அவள் தனிப் பட்டியல் போட்டாள். சாமான்களுக்குப் பொறுப்பு தூசி மாஸ்டர். அவருடைய பெயரும் பட்டப்பெயர்தான். சலித்த மண்ணில் முகப்பவுடரைக் கலந்து அவர் தயாரிக்கும் தூசியை மெல்லிய துணியில் கட்டித் தட்டினால், நேற்று வாங்கிய நாற்காலிக்கு நாற்பது வயது ஆகிவிடும். செட்டில் ஏதாவது ஒரு பொருளை நகர்த்தினால் அடியில் தடம் தெரியுமே, அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டி மறைத்துவிடுவார். கை தன்பாட்டுக்குச் செய்யும், கண் அங்கே இருக்காது.

இரண்டாம் வாரம் ஆரம்பித்தது வினை. அலமாரிமேல் இருந்த சீப்பின் பற்கள் சுவரைப் பார்த்து இருந்ததாக அவள் நோட்டில் இருந்தது. வந்து பார்த்தால் அறையைப் பார்த்து இருந்தது. திருப்பி வைத்தாள். இரண்டு நாள் கழித்துக் கட்டிலுக்கடியில் செருப்பு ஒரு சாண் தள்ளி இருந்தது. அதையும் சரி செய்தாள். பதினொன்றில் சேராத சாமான்கள்தான் இப்படி நகர்ந்தன. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள்.

முதல் சந்தேகம் கதாநாயகிமேல். அந்தப் பெண் ஷாட் இல்லாத நேரத்திலும் மூலையில் உட்கார்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் சிரிப்பாள், பிறகும் பார்ப்பாள். அடுத்தது கேமரா உதவியாளர்கள். லென்ஸ் பெட்டியை வைக்க இடமில்லாவிட்டால் எதையும் நகர்த்துகிற ஜாதி. அவர்களைக் கேட்டதற்கு, "மேடம், நாங்க உங்களுக்குப் பயந்து மூச்சுகூட அளந்துதான் விடுறோம்" என்றார்கள். தூசி மாஸ்டரைக் கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் எதுக்கும்மா தொடப்போறேன்?" என்றார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். பதினெட்டு வருஷப் பழக்கம் கண்ணை மறைத்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் டைரக்டரிடமே போனாள். மண்கூஜா மேசையின் இடது மூலையில் இருந்ததா, வலது மூலையில் இருந்ததா என்று பிரச்சினை. நோட்டில் இடது என்று எழுதி, படமும் போட்டு வைத்திருந்தாள். டைரக்டர் கூடாரத்துக்குள் கூட்டிப்போய், மானிட்டரில் ஒரே ஒரு ஃப்ரேமை நிறுத்திக் காட்டினார். அதில் கூஜா வலது மூலையில் இருந்தது.

"விடுங்க மேடம். யானைக்கும் அடி சறுக்கும். வீட்டுல அக்காவுக்கு வேற உடம்பு சரியில்லன்னு சொன்னீங்க. தூங்குறீங்களா ஒழுங்கா?"

அவ்வளவு பரிவாகக் கேட்டார். அந்தப் பரிவு அவளை வெட்டிப் போட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் நோட்டும் ஃப்ரேமும் முரண்பட்டது அதுதான் முதல் முறை. வெளியே வந்து, கட்டைவிரலால் மோதிர விரலின் நகத்தைத் தேய்த்தபடி, மேசையையும் நோட்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் 'இடது, இடது' என்று அசைந்தது. மூலையில் இருந்து கதாநாயகி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடுப்பெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்று வார்த்தை சொல்லி, பத்து நிமிஷம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். கடிகாரம் வரையச் சொன்னார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, என்னைவிட நல்லா இருக்கீங்க" என்று டாக்டர் சிரித்தார். அவர் முதலில் சட்டைப்பையில் வைத்த கண்ணாடியைக் கடைசியில் மேசையில் தேடினார். இவர் எனக்குச் சான்றிதழ் தருகிறாரா என்று நினைத்துக்கொண்டே இறங்கி வந்தாள். சந்தேகம் பிடித்தவளுக்கு நல்ல செய்தியிலும் நம்பிக்கை வராது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மாலை. கதவைத் திறந்ததும் கேஸ் நாற்றம். அடுப்பின் திருகு திறந்திருந்தது, நெருப்பில்லை. அக்கா ஜன்னலோரம் நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தாள். சிசிடிவி ஜன்னல்களைத் திறந்து, திருகை மூடி, அக்காவை இழுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள். காற்று பட்டதும் அக்கா கண் திறந்து, "வந்துட்டியா?" என்றாள்.

திருகைத் திறந்தது யார்? காலையில் பால் காய்ச்சிவிட்டு மூடியது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. விரலுக்குத் திருகின் இறுக்கம்கூட ஞாபகம் இருந்தது. ஆனால் கூஜா இடது மூலையில் இருந்ததும் இப்படித்தானே ஞாபகம் இருந்தது? ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால், அக்காதான் திறந்திருக்கிறாள் என்று சத்தியம் செய்து, மறுநாளே சிலிண்டருக்குப் பூட்டு வாங்கிப் போட்டிருப்பாள். இப்போது அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை. பூட்டினால் சாவி அவளிடம்தானே இருக்கும்? சாவி இருக்கிற தலையே சரியில்லாவிட்டால்?

அக்காவை இல்லத்தில் சேர்க்கப்போவதாகச் சொன்னதும் தையல்காரம்மா தடுத்துப் பார்த்தாள். "நான் வேணா நாள் முழுக்க மேலயே உக்காந்து தைக்கிறேன்டி. அவளை எங்கயும் விடாத."

"பகல்ல நீங்க இருப்பீங்க. மத்த நேரம் என்கூடத்தானே இருப்பா? என்னையே நான் நம்ப முடியலயே" என்று சொல்லி, அன்றைக்குத்தான் முதல் முறையாக உடைந்து அழுதாள்.

ஊரின் மறுகோடியில் ஒரு முதியோர் இல்லம். சுத்தமாகத்தான் இருந்தது. அக்காவின் துணிகளை எண்ணி எழுதிக் கொடுத்தாள். திரும்பும்போது அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப வருவே?" என்றாள். "படம் முடிஞ்சதும்" என்றாள் இவள். வாரம் ஒருமுறையாவது வந்து பார்க்கிறேன் என்றதற்கு, முதல் ஒரு மாதம் வராமல் இருந்தால்தான் மனசு இங்கே பழகும் என்று இல்லத்துப் பொறுப்பாளர் சொல்லிவிட்டார். சரி என்று தலையாட்டினாள். தன் புத்திமேல் நம்பிக்கை இருந்திருந்தால் அந்தப் பொறுப்பாளரை நாலு கேள்வி கேட்டிருப்பாள்.

அக்காவை விட்டுவந்த மூன்றாவது வாரத்தில் ஒரு காலை. நாற்பத்தொன்றாம் காட்சி. போன வாரம் எடுத்த நாற்பதாம் காட்சியில் கதாநாயகி ஈரத் துணியால் மேசையைத் துடைத்திருந்தாள். கதையில் இது அதற்கு அடுத்த நிமிஷம். இடையில் அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். சிசிடிவி வழக்கம்போல மற்றவர்களுக்கு முன்னால் உள்ளே போனாள். கூஜா மேசை நடுவில் இருந்தது. நோட்டைத் திறந்தாள். ஓரத்தில் என்று எழுதியிருந்தது. அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. நோட்டில் அடித்துத் திருத்திவிடலாம் என்று குனிந்தபோதுதான் மேசை ஓரத்தில் அதைப் பார்த்தாள்.

உள்ளங்கை அகலத்துக்குத் தூசி.

துடைத்த மேசையில் தூசி எங்கிருந்து வரும்? அதுவும் ஒரே ஓர் இடத்தில் மட்டும்? பூட்டிய அறையில் தானாகப் படிந்த தூசி என்றால் மேசை முழுக்கப் படிந்திருக்க வேண்டும். விரலில் தொட்டு முகர்ந்தாள். முகப்பவுடர் வாசனை. குனிந்து ஊதினாள். தூசி பறந்தது. அடியில் வட்டமாக ஈரத் தடம் காய்ந்து கிடந்தது. அந்தப் பெண் கூஜாவை எடுக்காமல் சுற்றித்தான் துடைத்தாள், அதனால் விழுந்த வளையம். நோட்டில் எழுதியிருந்த அதே ஓரம். விரல் நுனி அளவுகூட வித்தியாசமில்லை.

கூஜாவை நகர்த்திய கை, தடத்தைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டி மறைத்திருக்கிறது. இது துடைத்த மேசை, இதில் தூசி இருக்கக்கூடாது என்பது அந்தக் கைக்குத் தெரியாது. காட்சி வரிசையை மனசில் வைத்திருப்பவளுக்குத்தான் தெரியும். பாம்பின் கால் பாம்பறியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார்கள்!

அவளுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். என் தலை நன்றாக இருக்கிறது, என் தலை நன்றாக இருக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செட்டில் கட்டிலில் உட்காருவது பெரிய குற்றம். அவளே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறாள்.

தூசி மாஸ்டரைக் கூப்பிட்டு மேசையைக் காட்டினாள். அவர் வளையத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"டைரக்டர்தான்மா சொன்னாரு. தினம் ஒண்ணை நகர்த்தி வைக்கணும், உங்களுக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னு. தெரிஞ்சா நீங்க விடமாட்டீங்கன்னு. எனக்கு மனசே இல்ல. இந்த வயசுல வேற எவன் வேலை தருவான்?"

"பதினெட்டு வருஷம் ஒண்ணா வேலை பாத்திருக்கோம்ணே."

"தெரியும்மா. திட்டு. நல்லா திட்டு."

திட்டவில்லை. நேராகக் கூடாரத்துக்குள் போனாள். யாரும் அனுமதி இல்லாமல் உள்ளே போனதில்லை. மானிட்டரில் போன வாரம் எடுத்தது ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி மேசைமுன் நிற்கிறாள். கட்டைவிரலால் மோதிர விரலின் நகத்தைத் தேய்க்கிறாள். உதடு சத்தமில்லாமல் அசைகிறது. தலையை லேசாகச் சாய்த்து, தப்பு செய்த பிள்ளைபோலத் திரும்பிப் பார்க்கிறாள். சிசிடிவிக்குத் தன் முகத்தை வேறு ஒருத்தி போட்டுக்கொண்டிருப்பது போல் இருந்தது.

டைரக்டர் எழுந்து நின்றார். அப்போதும் சன்னமான குரல்தான். "கண்டுபிடிச்சிட்டீங்க. கண்டுபிடிப்பீங்கன்னு தெரியும். ஒரு மனுஷி தன்னையே சந்தேகப்படுறது எப்படி இருக்கும்னு நடிச்சுக் காட்டச் சொன்னா வராது, மேடம். அந்தப் பொண்ணு உங்களைப் பாத்துத்தான் கத்துக்கிட்டா. உங்களுக்கு டைட்டில்ல தனி கார்டு போடறேன்."

"அந்த ஃப்ரேம்?"

"அது கூஜாவை நகர்த்தினதுக்கு அப்புறம் தனியா எடுத்தது."

"எங்க அக்காவைக் கொண்டுபோய் இல்லத்துல விட்டுட்டேன்யா" என்றாள். அந்த மனிதரை 'யா' போட்டுப் பேசியவர்கள் அதுவரை யாருமில்லை. "அடுப்பை மூடினேனா இல்லையான்னு தெரியாம விட்டுட்டேன். உனக்கு நடிப்பு வேணும்னா நடிக்கிறவகிட்ட வாங்கு. என் அக்காகிட்ட எதுக்குய்யா வாங்கின?"

கதாநாயகி வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அதுவும் நடிப்போ என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்படவில்லை. நோட்டைக் கூடாரத்து மேசையில் போட்டுவிட்டு வெளியே நடந்தாள். அறுபத்து நான்கு சாமான்களும் எங்கே போய்க் கிடந்தாலும் இனி அவளுக்கென்ன?

வழியில் ஓர் ஆட்டோவைப் பிடித்தாள். அக்காவிடம் என்ன சொல்லிச் சிரிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனாள். இல்லத்தில் இறங்கியபோது சரியாகப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. பொறுப்பாளர் ஒரு மாதக் கணக்கை இழுத்தார். "படிவத்தைக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்" என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலுக்குப் படிவம் உடனே வந்தது.

அக்கா முன்வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். துணிப்பை மடியில் தயாராக இருந்தது. தலை ஒழுங்காக வாரியிருந்தது. சிசிடிவி ஓடிப்போய் எதிரில் நின்றாள். மூச்சு வாங்கியது.

"வந்துட்டேன்க்கா."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மரியாதையாகக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க. நீங்களும் யாரையாவது பாக்க வந்தீங்களா?"

நாற்பத்தெட்டு வருஷத்தில் அக்கா அவளை 'நீங்க' என்று சொன்னதில்லை.

"உன்னைத்தான்க்கா கூட்டிட்டுப் போக வந்தேன்."

"இல்லைங்க. எனக்கு ஆள் வரும். என் தங்கச்சி வருவா." அக்கா பையை இறுக்கிக்கொண்டாள். "தெரியாதவங்க கூப்பிட்டா போகக்கூடாதுன்னு சொல்லியிருக்கா. அவ ஒண்ணும் மறக்கமாட்டா. எனக்குத்தான் மறதி."

பொறுப்பாளர், "சில நாள் இப்படித்தான், சில நாள் தெளிவா இருப்பாங்க" என்றார். எந்த நாளும் இப்படி இருந்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். தெளிவாக, சந்தேகமே இல்லாமல், தேதியோடு தெரியும். அந்தப் பதினெட்டு நாளை இனி எந்த நோட்டைப் பார்த்தும் சரிசெய்ய முடியாது.

பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் இரண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, பிறந்ததிலிருந்து தப்பான ஒன்றைச் சரியென்று சொல்லியறியாதவள், குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்.

"உங்க தங்கச்சிதாங்க என்னை அனுப்பினா. வேலை முடியலயாம். வீட்டுல கொண்டுபோய் விடச் சொன்னா."

அக்கா அவள் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தாள். "அவ பாக்குறது என்ன வேலை? சொல்லுங்க பாப்போம்."

"சினிமாவுல. எது எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் வச்சுக்கிற வேலை."

"அது எல்லாருக்கும் தெரியும்" என்றாள் அக்கா. இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு எழுந்தாள். "சரி, வர்றேன். ஆனா அவ அங்க இல்லைன்னா என்னைத் திரும்ப இங்கயே கொண்டாந்து விட்டுடணும்."

"விட்டுடறேங்க."

ஆட்டோவில் அக்கா ஓரமாக, அவள்மேல் படாமல் உட்கார்ந்துகொண்டாள். பையை அவள் பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டாள்.